கோப்புத் தெரிவுப் பெட்டி: ஒரு வரலாற்று நோக்கு

எக்கோப்பைத் திறப்பது, எப்பெயரில் எவ்விடத்துச் சேமிப்பது எனப் பயனரை வினவும் சிறு சாளரமே கோப்புத் தெரிவுப் பெட்டியாகும். இதனை ஆக்கவேண்டியது செய்நிரலா, அன்றிக் கணனியின் பணிசெயல் முறைமையா? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவுக்கு, பல முறைமைகளிலும் இயங்குதற்கென எழுந்த ஜாவா மொழி ஒன்றுக்கொன்று முரணான இரு விடைகளை அளித்துள்ளது.

1984இல் வெளிவந்த அப்பிள் மக்கின்டோஷ், எல்லாச் செய்நிரல்களும் அழைத்துப் பயன்படுத்தத்தக்க பொதுப் பெட்டியொன்றைத் தானே வழங்கிற்று. விண்டோஸில் செய்நிரலாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனப் பெட்டி அமைக்கும் நிலை, 1992இல் விண்டோஸ் 3.1 பொதுப் பெட்டிகளைக் கொணரும்வரை நீடித்தது. யூனிக்ஸ் முறைமைகளிலோ ஒவ்வொரு கருவித்தொகுதியும் தனக்கென ஒரு பெட்டியைக் கொண்டிருந்தது. கோப்பின் வழிப்பெயரைப் பிரிக்கும் குறியும் வேறுபட்டது. யூனிக்ஸ் முன்சாய்கோட்டையும், விண்டோஸ் பின்சாய்கோட்டையும், அக்கால மக்கின்டோஷ் முக்காற்புள்ளியையும் கையாண்டன.

இவ்வேறுபாடுகளுக்கிடையே, 1996இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவின் முதற் பதிப்பு, முறைமையின் பெட்டியையே அழைத்தது. பயனர் தாம் பழகிய பெட்டியைக் கண்டனர். ஆயின் செய்நிரலாளரின் கட்டுப்பாடு குறுகிற்று. குறித்த வகைக் கோப்புகளை மட்டும் காட்டுதற்கான வடிகட்டி விண்டோஸில் இயங்காது என்பதை ஜாவாவின் ஆவணமே ஒப்புக்கொண்டது.

1998இல் ஜாவா 1.2 பதிப்புடன் இணைந்த ஸ்விங் தொகுதி மறுவழி சென்றது. பெட்டி முழுவதையும் அது தானே வரைந்தது. வடிகட்டி எங்கும் ஒருபடித்தாய் இயங்கிற்று. படங்களின் முன்காட்சியையும் பெட்டியினுள் இணைக்க முடிந்தது. எனினும், முறைமையின் பெட்டி காலந்தோறும் பெற்ற புதிய வசதிகள் இதற்குத் தாமாக வந்து சேரவில்லை. தம் கணனியிலேயே அந்நியமானதொரு பெட்டியைப் பயனர் எதிர்கொள்ள நேர்ந்தது. 2011இல் வெளிவந்த ஜாவா எப்.எக்ஸ். 2.0, வடிகட்டியைக் கைவிடாமலே முறைமையின் பெட்டிக்கு மீண்டது.

இம்மீட்சியைப் பழக்கத்தின் வெற்றியென்று மட்டும் கொள்ளலாகாது. அதே 2011இல் அப்பிளின் லயன் பதிப்பு, செய்நிரல்களை அடைப்பினுள் இயக்கும் பாதுகாப்பு முறையை அறிமுகப்படுத்திற்று. அவ்வாறு அடைக்கப்பட்ட செய்நிரல் பயனரின் கோப்புகளைத் தன்னிச்சையாகத் திறத்தல் இயலாது. முறைமையின் பெட்டியிற் பயனர் ஒரு கோப்பைத் தெரிந்தால், அத்தெரிவே அக்கோப்புக்கான அனுமதியாகும். தானே பெட்டி வரையும் செய்நிரலுக்கு இவ்வனுமதி கிட்டாது.

ஆகவே, அழகும் வசதியும் பற்றிய வினாவாகத் தொடங்கியது, உரிமை பற்றிய வினாவாக முடிந்துள்ளது. கோப்பு பயனருடையது, எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் முடிவும் அவருடையதே. அம்முடிவைக் கேட்டறியும் பெட்டி, கேட்கும் செய்நிரலின் கையில் இராது முறைமையின் கையில் இருத்தலே தகும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.