இருட்டில் நடந்த சிப்பாய், மொட்டை மாடிக் கோமாளி



விடுமுறை நாளில் நம் பிளாக்குகளில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியில் ஒருவர் பந்து வீசிக்கொண்டிருப்பார். மேட்ச் இல்லை, வீடியோ கேம். கை சுழற்றுவதும் கால் ஊன்றுவதும் அச்சு அசல் மனிதர் மாதிரியே இருக்கும். இது கம்ப்யூட்டரோடு பிறந்த வித்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேர் 1880-களில் இருக்கிறது.

பிரான்சில் எத்தியேன்-ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர், ஒருவருக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைக் கோடுகள் போட்டு, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டார். ஒரே தகட்டில் பலமுறை படம் எடுத்தபோது ஆள் மறைந்து கோடுகள் மட்டும் பதிந்தன. 'கோச்சடையான்' (2014) படத்துக்கு நடிகர்கள் மாட்டிக்கொண்ட விசேஷ உடைக்கு இதுதான் பாட்டன்.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உடற்கூறு பேராசிரியர் வில்ஹெல்ம் பிரௌனவும் கணிதம் படித்த ஓட்டோ ஃபிஷரும் முதலில் சடலங்களை உறையவைத்து, உடலின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். காரணம் ராணுவம்: சிப்பாய் முதுகில் சுமையை எப்படி ஏற்றினால் தளராமல் நடப்பான்? 1891-ல் ஒரு சிப்பாயின் கை கால்களில் ஒளிரும் வாயுக் குழாய்களைக் கட்டினார்கள். உயர் மின்னழுத்தம், ஷாக் அடிக்காமலிருக்க இடையில் ரப்பர். கட்டி முடிக்கவே பல மணி நேரம். பிறகு இருட்டில் 4 கேமராக்கள் முன்னால் அவர் 3 முறை நடந்தார். ஒருமுறை மூட்டை, துப்பாக்கியோடு. அவ்வளவுதான் சோதனை. கணக்கு? எல்லாம் கையால். மறு ஆண்டே பிரௌன இறந்துபோக, ஃபிஷர் தனியாக 1904 வரை அந்தச் சில அடிகளின் விசைகளைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளெய்ஷர் வழி சுலபமானது. தம்பி டேவுக்குக் கோமாளி வேஷம் போட்டு மொட்டை மாடியில் ஆடவிட்டுப் படம் பிடித்தார். ஒவ்வொரு பிரேமின் மேலும் கோடு வரைந்து கார்ட்டூன் ஆக்கினார். 1917-ல் காப்புரிமை கிடைத்தது. (வடாம் காயப்போடுவதைத் தவிர மாடியில் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!)

ஆனால் கார்ட்டூன் கீழே விழாது, ரோபோ விழும். 1986-ல் ஹோண்டா செய்த முதல் நடக்கும் ரோபோவுக்கு ஓர் அடி வைக்க ஏறக்குறைய 5 நொடி. 1996-ல் வந்த பி2, 210 கிலோ எடையோடு படியேறியது. பத்து வருட உழைப்பு, நம் வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் செய்கிற காரியத்துக்கு.

ஃபிஷரின் கணக்கு இன்று மருத்துவமனை நடை ஆய்வகங்களில் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குக் கால் ஆபரேஷன் வேண்டுமா, எந்தத் தசையில் என்று தீர்மானிக்கும் முன், சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி நடக்கச் சொல்கிறார்கள். சிப்பாய் நடந்த அதே சில அடிகள்தான். இப்போது விளக்கை அணைக்க வேண்டியதில்லை.