மணலில் எழுதிய விரல்: ‘மதராஸ் முறை’ கடல் கடந்த வரலாறு

பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் முறையை ஒரு நாடு இன்னொரு நாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது எது கப்பலேறுகிறது, எது கரையிலேயே தங்கிவிடுகிறது? பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கும், ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்ற கல்விமுறையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை இதை ஆராய்கிறது.

தமிழகத்தின் பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். பிறகே ஓலையும் எழுத்தாணியும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். இப்பழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டில், ஒரு கோவில் மண்டபத்தில், ஆசிரியர் இல்லாமலே நான்கு சிறுவர்கள் மணலில் எழுதிக் கணக்குப் படிப்பதைக் கண்டார். மறந்துபோனால் யார் திருத்துவார் என்று கேட்டார். நால்வரும் ஒருசேர மறக்க வழியில்லை என்று அவர்கள் விடை சொன்னார்கள்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முயன்றார். அக்காலச் சென்னையில் ஐரோப்பியர் தமிழரையே மலபார் என்றனர். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் மணலில் எழுதும் வகுப்பை ஒப்படைத்தார். மணல் மட்டுமே இரவல், பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பது பெல்லின் கூற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களோ 1814இல் அனுப்பிய ஆணையில், அம்முறை இந்தியாவிலிருந்து வந்ததென ஒப்புக்கொண்டனர். சட்டாம்பிள்ளை வழக்கத்தை நோக்க, இயக்குநர்கள் சொன்னதே பொருத்தமாகப் படுகிறது.

பெல் தம் அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக்கினார். 1798இல் அங்கே பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இத்தகைய முறையைப் பெரும் அளவுக்கு விரித்தார். நியூயார்க்கில் 1806இலும் பிரான்சில் 1815 முதலும் அது வேரூன்றியது. தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் ஆதரவில் கராகஸ் வரை சென்றது. ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதும் அதனால் செலவு குறையும் என்பதும்தான் இதன் கவர்ச்சி.

இங்கேதான் வேறுபாடு புலப்படுகிறது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டு அறிக்கைப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர்கள் படித்தனர்; பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் ஆசிரியருக்குத் தெரிந்த கூட்டம் அது. சட்டாம்பிள்ளை அங்கே ஆசிரியருக்குத் துணை. லண்டனில் ஆசிரியருக்கு மாற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. அந்தப் பதினைந்து பேரின் நெருக்கம் ஏறவில்லை. இங்கிலாந்தே 1846இல் இம்முறையிலிருந்து விலகி, பதின்மூன்று வயது நிறைந்தவர்களை ஐந்தாண்டு பயிற்றி ஆசிரியராக்கும் திட்டத்துக்கு மாறியது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றவும் இயலாது. மன்றோவின் கணக்கில் பெண் பிள்ளைகள் 4,540 பேரே. சாதியும் பலருக்குத் திண்ணையை எட்டாததாக்கியது. ஆயினும் பிற நாட்டுக் கல்விமுறைகளை இன்று வியந்து நோக்கும் நாம், அங்கே ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளை அறிந்திருக்கிறார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.