பழைய சிப்புக்குப் புது போர்டு

கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் கம்ப்யூட்டர்தான். ஆனால் எழுதுவது வரலாற்று வாத்தியார், அதனால் வருஷங்கள் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைக் கடைசியில் வட்டக்கானலில் நல்ல இடி மழை. ஒரு இடியோடு வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து டைப்பிங்கும் கணக்கும் பழகுவது அதில்தான். மலையிறங்கி ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ரொம்பப் பழசு சார், புது செட் எடுத்துக்கோங்க, முப்பதாயிரத்துல முடிச்சிடலாம்" என்றார்கள். பென்ஷன்காரனிடம் சொல்கிற தொகையா அது?

மதுரையில் என் பழைய மாணவன் ஒருவன் இந்த வேலைதான் செய்கிறான். அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் போன். "சார், மதர்போர்டும் பவர் சப்ளையும் போச்சு. பிராசஸர் உயிரோட இருக்கு. வேற போர்டுல மாட்டிப் பார்த்துட்டேன்."

பெரும்பாலும் இப்படித்தானாம். மின்சாரம் முதலில் வந்து மோதுவது போர்டில். அதிலுள்ள கெபாசிட்டர் உப்பும், இணைப்புகள் தளரும், நம் ஊர் மூடுபனிக்குப் பச்சைக் களிம்பும் பிடிக்கும். சிப் மூடி முத்திரையிட்ட பொருள். லேசில் சாகாது.

கேட்டதும் நம் சூரிய ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. சென்னை வானாய்வகம் 1850ல் வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கியை 1898ல் டப்ளின் நகரத்து கிரப் நிறுவனத்தார் மாற்றியமைத்தார்கள். அதன்பின் அது கொடைக்கானலில் நின்று சூரியனைப் படமெடுத்தது. பழையது என்று யாரும் தூக்கிப் போடவில்லை.

அப்படியானால் எந்த சிப்பையும் எந்தப் புது போர்டிலும் மாட்டலாமா? முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1971ல் இன்டெல் வெளியிட்ட 4004 சிப்புக்கு 16 கால்கள். 1981ல் ஐபிஎம் பிசியில் வந்த 8088க்கு 40. அதைக் கையால் அழுத்திக் குத்த வேண்டும், நெம்பி எடுக்க வேண்டும், கால் வளைந்தால் போச்சு. 486 காலத்தில் கால்கள் 168 ஆயின. அப்போது பரவலானதுதான் நெம்புகோல் வைத்த சாக்கெட். கோலைத் தூக்கினால் சிப் தானாக உட்காரும், இறக்கினால் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த காலம் 1995க்குப் பிந்தைய சில வருஷங்கள். சாக்கெட் 7 என்ற ஒரே இருக்கையில் இன்டெல் பென்டியமும் உட்காரும், ஏஎம்டி கே6ம் உட்காரும், சைரிக்ஸ் சிப்பும் உட்காரும். பொதுக் கிணறு மாதிரி. 1997ல் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் தனிக் கிணறு வெட்டிக்கொண்டது. ஸ்லாட் 1 என்று பெயர், சிப் ஒரு கேசட் போல நிமிர்ந்து நிற்கும். பதிலுக்கு ஏஎம்டி 1999ல் ஸ்லாட் ஏ கொண்டுவந்தது. அதே இணைப்பானைத் திருப்பிப் போட்டதுதான், ஆனால் ஒன்றுக்குரியது மற்றதில் வேலை செய்யாது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2004ல் இன்டெல் கால்களை சிப்பிலிருந்து எடுத்து போர்டில் வைத்தது, அது 775. 2009ல் 1156. 2011ல் 1155, ஒன்றே ஒன்றுதான் குறைவு, ஆனாலும் பொருந்தாது! 2013ல் 1150. 2015ல் 1151. 2017ல் எண் அதே 1151, அளவும் அதே, ஆனால் புது சிப்பைப் பழைய 1151 போர்டு ஏற்காது. மின் தேவை கூடியது என்றார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் போர்டு விற்பனையும் கூடியிருக்கும் என்று நினைப்பது என் வாத்தியார் புத்தி.

ஏஎம்டி இதில் கொஞ்சம் தேவலை. அதன் ஏஎம்4 சாக்கெட்டில் 2017ல் வந்த முதல் ரைசன் முதல் 2022ல் வந்த சிப் வரை உட்காரும். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2020ல் முந்தைய போர்டுகளுக்குப் புது சிப் கிடையாது என்றுதான் முதலில் அறிவித்தார்கள். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் முடிவு மாறியது. இப்போதைய மடிக்கணினிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, பெரும்பாலும் சிப்பைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்.

என் சிப் 2011ல் வந்த ஐ3 2120. 1155 சாக்கெட். இன்டெல் கைவிட்டாலும், இதற்கான எச்61 போர்டு இங்கே இன்னும் புதிதாகவே விற்கிறது. மாணவன் 2,400 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்தான். சிப்பின் ஓரத்து வெட்டுக்களைச் சாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, அழுத்தாமல், சும்மா வைத்தான். "கை நடுங்குனா 1155 கம்பியும் போச்சு சார், நீங்க பேசாம இருங்க" என்றான். வகுப்பில் நான் அவனிடம் சொன்ன அதே வார்த்தை. புதுப் பேஸ்ட் ஒரு துளி, மேலே மின்விசிறி, புது பவர் சப்ளை, பழைய ஹார்ட் டிஸ்க்.

விண்டோஸாக இருந்தால் போர்டு மாறியதும் உரிமம் எங்கே என்று கேட்டு மல்லுக்கு நிற்குமாம். எங்களுடையது சென்னை சிடாக் செய்த பாஸ் லினக்ஸ். ஒன்றும் கேட்காமல் எழுந்துவிட்டது.

இப்போது பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். ஒரே குறை, இடியில் ஒரு மெமரியும் போய்விட்டது. 2 ஜிபியில் ஓடுகிறது, நத்தை வேகம். இந்த போர்டுக்கு டிடிஆர்3தான் சேரும், டிடிஆர்4 சேராது. முன்னாள் மாணவர்கள் யார் வீட்டிலாவது பழைய டெஸ்க்டாப்பின் 4 ஜிபி டிடிஆர்3 சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கொடைக்கானல் பேருந்து நிலையம் வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.