பஞ்சரத்தினமும் ஒளிக்கோளமும்

1956ஆம் ஆண்டில், பெங்களூர் ராமன் ஆய்வுக்கழகத்தில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் படிகங்களினூடே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்து, அதன் விளைவை இந்திய அறிவியல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அவர் சி. வி. ராமனின் உடன்பிறந்தாள் மகன் பஞ்சரத்தினம்.

ஒளியலை எத்திசையில் எவ்வாறு அதிர்கின்றது என்பதைத் தளவிளைவு என்பர். அதன் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோளத்தின்மேல் ஒரு புள்ளியை 1892இல் வகுத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் போங்காரே. நடுக்கோட்டில் நேர்கோட்டு அதிர்வுகள், துருவங்களில் வட்ட அதிர்வுகள். அக்கோளத்தின்மேல் ஒளியை ஒரு மூடிய பாதையில் சுற்றிக் கொணர்ந்தால், அது புறப்பட்ட நிலைக்கே திரும்பினும் அதன் கட்டம் மாறியிருக்கும் என்று பஞ்சரத்தினம் காட்டினார். மாற்றத்தின் அளவு, அப்பாதை அடைக்கும் திண்மக்கோணத்தில் பாதி.

அன்று அதைக் கவனித்தோர் சிலரே. 1969இல், முப்பத்தைந்தாம் வயதில், அவர் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். குவாண்டம் இயலில் அத்தகைய கட்டமாற்றத்தை மைக்கேல் பெர்ரி 1984இல் அறிவித்த பின்னரே, இராமசேஷனும் இராஜாராம் நித்தியானந்தாவும் 1986இல் பழைய கட்டுரையை எடுத்துக்காட்டினர். பெர்ரியும் மறுஆண்டே அவருக்குரிய முதன்மையை எழுத்தில் ஒப்பினார். நம் ஏடுகளை நாமே படியாதிருந்தால் இவ்வாறு முப்பதாண்டுகள் கழியும்.

அதே 1986இல் பூல், வாக்னர் என்போர் நீண்ட ஒளியிழைகளில் எழும் ஓர் இடரை விளக்கினர். இழை முற்றிலும் வட்டமாக இராமையால் ஒளித்துடிப்பு இரண்டு தளவிளைவுகளாகப் பிரிந்து, ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து சேரும். தாமதம் பைக்கோவினாடிக் கணக்குதான். ஆயினும் நொடிக்கு 4,000 கோடி பிட்டுகள் செல்லும் தடத்தில் ஒரு பிட்டின் ஆயுளே 25 பைக்கோவினாடி. கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் நண்பகல் வெயிலில் காய்ந்து மாலை மழையில் குளிரும் கம்பத்து இழையை எண்ணிப் பாருங்கள். வெப்பத்தோடு இத்தாமதமும் தளவிளைவும் மாறிக்கொண்டேயிருக்கும்.

கருவியைச் சோதிப்போர் மழைக்குக் காத்திருக்க இயலாது. ஆகவே இத்தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கும் எமுலேட்டரைப் பயன்படுத்துவர். அதன் ஸ்கேன் முறைகளுள் ஒன்று, தாமதத்தைச் சிறுமதிப்பிலிருந்து பெருமதிப்புவரை படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சற்று நிறுத்தும். பெறுகருவி எந்தத் தாமதத்தில் தவறத் தொடங்குகிறது என்பதை அது காட்டும். மற்றொன்று, மேக்ஸ்வெல் பரவலின்படி மதிப்புகளைத் தாறுமாறாக எடுக்கும். இயல்பான இழையில் தவறு எத்துணை அடிக்கடி நேரும் என்பதற்கு அது விடை தரும். தாறுமாறான முறையே மெய்க்கு நெருக்கமானதென்று அதனோடு நிறுத்துவது தகாது. பேரளவுத் தாமதம் அரிதாகவே வருமாதலால், குறுகிய சோதனையில் அது தலைகாட்டாமலே போகக்கூடும்.

தாமதத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஒளி இரு தளவிளைவுகளுக்கும் சரிபாதியாகப் பிரியும்போதே சிதைவு மிகும். எனவே தாமதத்தின் ஒவ்வொரு படியிலும், போங்காரே கோளம் முழுவதும் சுற்றிவருமாறு உள்நுழையும் ஒளியின் தளவிளைவையும் ஸ்கேன் செய்தல் வேண்டும்.