திரும்பி வந்த குரல் - எல்.ஆர்.ஈஸ்வரி

மேற்கத்திய ராக் உலகில் "கம்பேக் ஆல்பம்" என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகரை உலகம் மறந்துவிடும். பல வருடம் கழித்து அவர் ஒரே ஒரு ஆல்பத்தோடு மறுபடியும் உச்சிக்குப் போவார். டினா டர்னர் அப்படித்தான். 1976-ல் கணவரைப் பிரிந்த பிறகு ஓட்டல்களிலும் சின்னச் சின்ன மேடைகளிலும் பாடிக் காலம் தள்ளியவர், 1984-ல் "பிரைவேட் டான்ஸர்" ஆல்பத்தோடு வந்தார். அப்போது வயது 44. அடுத்த ஆண்டே கிராமி விருதுகளை அள்ளினார்.

சரி, தமிழில் இப்படி யாராவது உண்டா?

தமிழில் ராக் பாடகர்கள் என்று தனிப் பரம்பரை கிடையாது. இங்கே எல்லாமே சினிமா வழியாகத்தான் வந்தது. ட்விஸ்ட், ராக் அண்ட் ரோல், காபரே என்று எந்த மேற்கத்திய தாளம் வந்தாலும் அதைப் பாட 1960-களில் கோடம்பாக்கம் தேடிய குரல் ஒன்று இருந்தது. எல்.ஆர்.ஈஸ்வரி! ஒரு வேடிக்கையான தகவல்: டினா டர்னர் பிறந்தது 1939 நவம்பர் 26. ஈஸ்வரி பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 7. பதினோரு நாள்தான் வித்தியாசம்.

கோரஸில் தொடங்கிய வாழ்க்கை

ஈஸ்வரி சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஒலிப்பதிவுக்குப் போய்ப் போய்த்தான் மகளும் பாடக் கற்றுக்கொண்டார். "மனோகரா" (1954) படத்தில் கோரஸ் பாடினார். 1958-ல் "நல்ல இடத்து சம்பந்தம்" படத்தில் கே.வி.மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒரு பாடகி இருந்ததால், ராஜேஸ்வரி என்ற பெயர் ஈஸ்வரி ஆனது.

1961-ல் "பாசமலர்" வந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் தோழியை மணவறைக்கு அழைக்கும் அந்தக் கல்யாணப் பாட்டு, இன்று வரை கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதன்பின் "கருப்புப் பணம்" (1964), "பணமா பாசமா" (1968), "சிவந்த மண்" (1969) என்று வரிசையாக ஹிட். பெருமூச்சு, சிரிப்பு, விக்கல், உறுமல்... எல்லாவற்றையும் ஸ்ருதி விலகாமல் பாட்டுக்குள் கொண்டுவர அவரால் முடிந்தது. 1972-ல் வி.குமார் இசையில் "வெள்ளி விழா"வில் பாடிய மென்மையான பாட்டைக் கேட்டால், இவரா அவர் என்று சந்தேகம் வரும்!

கதவு ஏன் அடைபட்டது?

அந்தக் காலத்துச் சினிமாவில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. கதாநாயகிக்குப் பெரும்பாலும் பி.சுசீலா. கிளப்பில் ஆடும் பெண்ணுக்கு ஈஸ்வரி. அதாவது அவர் திறமையே அவருக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டது. 1976-ல் "அன்னக்கிளி"யோடு இளையராஜா வந்தார். இசையின் மண்வாசனை மாறியது. தாலாட்டு, காதல், குறும்பு, கவர்ச்சி என்று எல்லாவற்றையும் எஸ்.ஜானகியே பாட ஆரம்பித்தார். தனியாக ஒரு கிளப் டான்ஸர் பாத்திரமும் கதைகளில் குறைந்துகொண்டே வந்தது. பாத்திரம் போனதும் குரலுக்கும் வேலை போனது. ஈஸ்வரியின் குரலில் எந்தக் குறையும் இல்லை. மாறியது சினிமாவின் தேவைதான்.

அவர் உண்மையில் போனாரா?

இங்கேதான் டினா டர்னர் கதையிலிருந்து ஈஸ்வரி கதை பிரிகிறது. சினிமா அவரை மறந்த காலத்தில் ஊர்கள் அவரை மறக்கவில்லை. காரணம், அவர் பாடிய அம்மன் பாடல்கள். இசைத்தட்டிலும் பிறகு கேசட்டிலும் வந்த அந்தப் பாடல்கள் இல்லாமல் ஆடி மாதம் இல்லை.

வாலாஜாபாத் பக்கம் ஆடி ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பாலாற்றங்கரை ஊர்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். விடியும் முன்பே குழாய் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். முதலில் வருவது ஈஸ்வரி குரல்தான். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ் பிடிக்க நிற்கும் ஷிப்ட் தொழிலாளியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார். பாடியவர் கிறிஸ்தவர் என்பதும், கிளப் பாட்டுக்குப் பேர் போனவர் என்பதும் அம்மனுக்கும் பிரச்சினையில்லை, பக்தர்களுக்கும் பிரச்சினையில்லை. சினிமா போட்ட கட்டத்தை ஊர் மதிக்கவே இல்லை!

2011

இந்தியில் 2010-ல் வெற்றி பெற்ற "தபாங்" படத்தைத் தமிழில் "ஒஸ்தி" என்று எடுத்தார்கள். தரணி இயக்கம், சிம்பு நாயகன், தமன் இசை. அதில் மல்லிகா ஷெராவத் ஆடும் குத்துப்பாட்டுக்கு யாரைப் பாட வைப்பது? இளம் பாடகிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். தமன் தேர்ந்தெடுத்தது ஈஸ்வரியை. கூடவே டி.ராஜேந்தர். "கலாசலா" பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. படம் வெளியான 2011 டிசம்பரில் ஈஸ்வரிக்கு வயது 72.

அந்தப் பாட்டு பரவிய விதத்தையும் கவனிக்க வேண்டும். 1960-களில் ரேடியோ, 1980-களில் டீக்கடை கேசட், 2011-ல் செல்போன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்த காலம் அது (2006-ல் உற்பத்தி தொடங்கி 2014-ல் நின்றுபோனது). தாத்தா ரசித்த குரலைப் பேரன் ரிங்டோனாக வைத்துக்கொண்டான்.

திரும்பி வர முடியாதவர்

எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. எம்.கே.தியாகராஜ பாகவதரை நினைத்துப் பாருங்கள். 1944 தீபாவளிக்கு வந்த "ஹரிதாஸ்" மூன்று தீபாவளி கண்டது. ஆனால் அதே ஆண்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்து "ராஜமுக்தி" (1948), "அமரகவி" (1952) என்று முயன்றார். எதுவும் எடுபடவில்லை. குரல் இருந்தது, ஆனால் ரசனை நகர்ந்துவிட்டது. பாட்டுக்காகப் படம் பார்த்த கூட்டம், வசனத்துக்காகப் படம் பார்க்க ஆரம்பித்திருந்தது. 1959-ல் 49 வயதிலேயே காலமானார்.

பாகவதர் விட்ட இடத்திலிருந்தே தொடர நினைத்தார், அதுவும் கதாநாயகனாக. ஈஸ்வரியோ புதிய தாளத்துக்குள் தன் பழைய குரலோடு போனார். 1994-ல் ஜானி கேஷும் இதைத்தான் செய்தார். அவரை ஒதுக்கியிருந்த இசைத்துறைக்கு, ஒரு கிடாரையும் 62 வயதுக் குரலையும் மட்டும் வைத்து "அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்" ஆல்பத்தைக் கொடுத்தார். வயதை மறைக்கவில்லை. அதையே பலமாக்கினார்.

ஒரு கேள்வி

கசப்பான பக்கமும் இருக்கிறது. டினாவுக்குக் கிடைத்தது முழு ஆல்பம், உலகச் சுற்றுப்பயணம், இன்னும் பல ஆண்டு மேடை. ஈஸ்வரிக்குக் கிடைத்தது ஒரு பாட்டு, பிறகு அங்கொன்றும் இங்கொன்றும். அதுவும் பழைய கட்டத்துக்குள்ளேயே, இன்னொரு பெண்ணின் கவர்ச்சி நடனத்துக்கு! 2020-ல் "மூக்குத்தி அம்மன்" படத்தில் "ஆடி குத்து" பாடினார். ஊர் கொண்டாடிய அம்மன் குரலை சினிமா தன் பக்கம் இழுத்துக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மூத்த கலைஞரை ஒரு பாட்டுக்கு அழைத்துக் கைதட்டி அனுப்புவது மரியாதையா? இல்லை, அவர் குரலில் இன்னும் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது மரியாதையா? ஈஸ்வரிக்கு முதலாவது கிடைத்தது. இரண்டாவதுக்கு ஒரு முழு ஆல்பம் தேவைப்பட்டிருக்கும்.