பிறந்த கன்று மூச்சுவிடத் திணறினால்: முதல் நிமிடங்களில் செய்யவேண்டியவை

இறுதிப்போரின்போது வன்னியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு வெறுங்கையுடன் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. மீள்குடியேறியபின், ஒரே பசுவிலிருந்து வாழ்வாதாரத்தைத் திரும்பத் தொடங்கிய வீடுகளும் உண்டு. அப்படியான வீட்டில் கன்று இறந்தால் இழப்பு கன்றோடு முடிவதில்லை. நாட்டுப் பசுக்கள் பல, கன்று ஊட்டாவிட்டால் பால் சுரக்க மறுத்துவிடும். எனவே கன்றின் முதல் மூச்சில்தான் அந்த வீட்டின் பால் வருமானமும் தங்கியிருக்கிறது.

ஏன் திணறுகிறது?

தாயின் வயிற்றில் கன்றுக்கு ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாகவே கிடைக்கிறது. அப்போது அதன் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே இருக்கிறது. பிறந்து ஒரு நிமிடமளவில் கன்று தானாக மூச்செடுக்கத் தொடங்கவேண்டும்.

ஈற்று நீண்டுபோனால், அல்லது பின்னங்கால்கள் முதலில் வந்து தொப்புள்கொடி நசுங்கினால், ஒட்சிசன் குறைந்து கன்று சோர்ந்துபோய்ப் பிறக்கும். சிறிய நாட்டுப் பசுவுக்குப் பெரிய இனக் காளையின் விந்தைச் செலுத்திச் சினைப்படுத்தினால் கன்று பெருத்து, ஈற்றுக் கடினமாகலாம். மாதம் நிறையுமுன் பிறக்கும் கன்றின் நுரையீரலோ சரியாக விரியாது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள்.

உடனே செய்யவேண்டியவை

மூக்கையும் வாயையும் மூடியிருக்கும் சவ்வையும் சளியையும் விரல்களால் வழித்தெடுங்கள். கன்றைப் பக்கவாட்டில் கிடக்கவிடாதீர்கள். நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, பின்னங்கால்கள் இரண்டையும் வயிற்றின் இருபக்கமும் முன்னோக்கி இழுத்து, தவளை குந்தியிருப்பதுபோல் இருத்துங்கள். அப்போதுதான் இரண்டு நுரையீரல்களும் ஒரேயளவில் விரியும்.

பின்னர் உலர்ந்த சாக்கினாலோ வைக்கோலினாலோ முதுகையும் விலாவையும் அழுத்தித் தேயுங்கள். சுத்தமான வைக்கோல் துரும்பை மூக்குத் துவாரத்துக்குள் விட்டுக் கூச்சம் காட்டினால் கன்று தும்மி மூச்சை இழுக்கும். தலையில் சிறிது குளிர்ந்த நீர் ஊற்றுவதும் அதற்கு உதவும். இடப்பக்க முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் கைவைத்துப் பாருங்கள். இதயம் துடித்தால் முயற்சியைக் கைவிடவேண்டாம்.

செய்யக்கூடாதவை

கன்றைப் பின்னங்காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டுவது பலரிடமும் உள்ள பழக்கம். அப்போது வடியும் நீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவதே. குடலும் இரைப்பையும் நெஞ்சறையை அமுக்குவதால் மூச்சு மேலும் கடினமாகும்.

வாய்வைத்து ஊதுவதையும் தவிருங்கள். ஈற்று நீரின் வழியே புரூசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்குத் தொற்றலாம். கையுறை அணியுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையில் ஈடுபடவேண்டாம்.

கடும்புப் பாலில் கவனம்

தப்பிய கன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் எழுந்து நின்று பால் குடிக்க முயலவேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி கடும்புப் பாலின் வழியாகவே அதற்குக் கிடைக்கிறது. அதை உறிஞ்சும் திறன் மணிக்குமணி குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய இல்லாமற்போகிறது. 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 2 லீற்றர் கிடைப்பது நல்லது.

ஆனால் விரலை வாயில் வைத்தும் சூப்பாத கன்றுக்குப் போத்தலால் பால் பருக்காதீர்கள். பால் நுரையீரலுக்குள் போனால் சில நாட்களில் நிமோனியா வந்துவிடும். அத்தகைய கன்றுக்குக் குழாய்மூலம் பால் கொடுக்க மிருக வைத்தியரின் உதவி தேவை. தொப்புளுக்கு அயடீன் பூச மறக்கவேண்டாம்.

வைத்தியரை அழைக்கவேண்டிய நேரம்

தண்ணீர்க்குடம் தெரிந்தபின் ஒரு மணித்தியாலம் கடந்தும் ஈற்று முன்னேறாவிட்டால் காத்திருக்காதீர்கள். பிறந்த கன்றின் நாக்கு நீலமாக இருந்தாலோ, மூச்சுவிடும்போது முனகினாலோ, வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலோ உடனே அறிவியுங்கள். அடுத்துவரும் நாட்களில் இருமல், மூக்கிலிருந்து சீழ், 39.5 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல் என்பன நிமோனியாவின் அறிகுறிகள்.

மாதம் நெருங்கியதும் உலர்ந்த சாக்கு, கையுறை, அயடீன் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத் தொலைபேசி இலக்கத்தையும் கொட்டில் பக்கம் எழுதிவையுங்கள். பசு நள்ளிரவில் ஈன்றாலும் தேடி ஓடவேண்டியிராது.