ஒரு பெயர், மூன்று பொருள்: கற்பூரத்தின் வரலாறு

"கற்பூரம்னா என்ன?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "சாமிக்குக் காட்டுற சூடம்" என்பான் ஒருவன். "துணி அலமாரியில போடுற வெள்ளை உருண்டை" என்பாள் இன்னொருத்தி. இரண்டும் ஒன்றல்ல. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதை வரலாறுதான் விளக்கும்.

முதல் கற்பூரம் நம் வட்டாரத்தது. சுமத்ரா, மலாயா, போர்னியோ காடுகளின் காப்பூர் மரத்துக்குள் படிகமாக விளைவது. இதன் வேதிப்பெயர் போர்னியோல். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் உள்ளே இருக்கிறதா என்று தெரியும். பல மரங்களில் இருக்காது. அதனால் விலையும் அதிகம். இது சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் வழியாக உலகெங்கும் போனது. அங்கே தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் கற்பூர வகைகளில் 'வாரோசு', 'சீனச்சூடன்' ஆகிய பெயர்களும் உண்டு. முன்னது பாருஸ் சரக்கு. பின்னது சீனச் சரக்கு.

அந்தச் சீனச் சரக்குதான் இரண்டாவது கற்பூரம். சீனா, தைவான், ஜப்பானில் வளரும் வேறொரு மரத்தின் சீவல்களை நீராவியில் வடித்து எடுப்பது. இதன் மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அறை வெப்பத்திலேயே உருகாமல் நேரே ஆவியாகும், இதுவே பதங்கமாதல். 19ஆம் நூற்றாண்டில் செல்லுலாய்டு செய்ய இது தேவைப்பட்டதால் கிராக்கி ஏறியது. 1899இல் ஜப்பான் தைவானில் கற்பூர வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது. பிறகு டர்பென்டைனிலிருந்தும் இதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, நாப்தலின். நிலக்கரித் தாரிலிருந்து வருவது. இதில் ஆக்சிஜனே இல்லை. ஆனால் வெள்ளை நிறம், நெடி, பதங்கமாதல் மூன்றும் ஒத்துப்போனதால் பழைய பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. இந்தோனேசியாவில் அந்துருண்டைக்கு இன்றும் 'காப்பூர் பாருஸ்' என்றே பெயர்!

பெயர் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. சூடத்தைக் குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அதனால்தான் அமெரிக்கா 1983இல், தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. நாப்தலினோ, ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்துவதுகூட ஆபத்து.

மாணவர்களே, 'கற்பூரம்' என்று கேள்வி வந்தால், எந்தக் கற்பூரம் என்று முதலில் பாருங்கள். வீட்டிலும் அப்படித்தான்.